ஆறு அங்குல ரப்பாலா: அலகுக்குக் கை தட்டலாம், உறைக்கு முடியாது

பேலியகொடை மீன் சந்தையில் அறக்குளா துண்டு போடுபவர் கையில் மன்னா கத்தி இருக்கும். முதுகு தடித்தது, கனமானது; கட்டையில் வைத்து ஒரு போடு போட்டால் நடுமுள் இரண்டாகும். அதிலேயே பழகிய ஒருவரிடம் ரப்பாலாவின் ‘ஃபிஷ் அன் ஃபில்லட்’ கத்தியை நீட்டினால், நுனியை விரலால் வளைத்துப் பார்த்துவிட்டு “இதென்ன தகரம் மாதிரி?” என்பார். நியாயமான கேள்விதான். இந்தக் கத்தி வெட்டுவதற்குச் செய்யப்படவில்லை. முள்ளை ஒட்டி வளைந்துபோய்ச் சதையை உரித்தெடுப்பது மட்டும்தான் இதன் வேலை. அந்த ஒரு வேலைக்கு இதற்கு எவ்வளவு மதிப்பெண் போடலாம், கொழும்பின் உப்புக் காற்றில் இது எங்கே தோற்கிறது என்பதே இங்கே விஷயம்.

ரப்பாலா என்றால் இங்கே பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மரத்தில் செய்த குட்டி மீன் வடிவ லூர், அதாவது தூண்டிலில் மாட்டும் போலி இரை. 1936இல் பின்லாந்தில் தொடங்கிய கம்பனி அது. கத்தியைச் செய்வது மார்ட்டீனி என்ற இன்னொரு பட்டறை, வடபின்லாந்தின் ரோவனியெமி நகரில் 1928இல் தொடங்கியது. 2005இல் ரப்பாலா அந்தப் பட்டறையையே வாங்கிக்கொண்டது. பெட்டிக்குள் மூன்று பொருள்கள்: பர்ச் மரப் பிடி போட்ட கத்தி, சித்திர வேலை செய்த தோல் உறை, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சாணைக் கருவி. முதலாவது அருமை. இரண்டாவது பார்க்க அழகு. மூன்றாவதைப் பெட்டியிலேயே விட்டுவிடலாம், காரணம் பிறகு.

அலகு நான்கு அளவுகளில் வருகிறது: 4, 6, 7.5, 9 அங்குலம். ஒரே வீச்சில் மீனின் அகலத்தைக் கடந்து நுனி கொஞ்சம் வெளியே தெரிய வேண்டும் என்பதுதான் அளவுக்கணக்கு. நுனி உள்ளேயே நின்றால் சதை அறுபடாமல் கிழியும், உரித்தெடுக்கும் முள்ளில்லாச் சதைப் பாளம் படிக்கட்டுப் போல வரும். கொழும்புக் கரையிலிருந்து தூண்டில் போடுபவருக்குக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் அரைக் கிலோவுக்கும் இரண்டு கிலோவுக்கும் இடைப்பட்ட மீன். அதற்கு 6 அங்குலம். பொல்கொடை ஏரியில் கொடுவாவைக் குறிவைப்பவரும் படகில் போய்ப் பெரிய பாரை பிடிப்பவரும் 7.5 எடுக்கலாம். 9 அங்குலத்தைச் சிறிய மீனில் அடக்கி ஆளுவது கஷ்டம். 4 அங்குலம் மணலைக்கும் சின்ன விளைமீனுக்கும் போதும். ஒரே ஒரு கத்திதான் என்றால் 6.

விளைமீனில்தான் இதன் அருமை தெரியும். ஒரு கிலோ மீனைப் பக்கவாட்டில் கிடத்தி, பக்கச் செட்டைக்குப் பின்னால் தலையை நோக்கிச் சாய்வாக ஒரு கீறல், நடுமுள் தட்டுப்படும் வரை. அங்கே நிறுத்த வேண்டும். இன்னும் அழுத்தினால் கூர் மடங்கும். பிறகு முதுகுச் செட்டையின் ஓரமாகத் தலையிலிருந்து வால் வரை ஒரு நீண்ட கீறல், ஒரு சென்ரிமீற்றர் ஆழம் போதும். அடுத்த வீச்சில் அலகைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்தால் அது தானாக வளைந்து முள்ளின் மேல் படுத்துக்கொள்ளும். நுனி ஒவ்வொரு முள்ளாகக் கடக்கும்போது ‘டிக் டிக்’ என்று பிடியில் தெரியும். அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை சதை முள்ளில் தங்கவில்லை என்று அர்த்தம். சத்தம் நின்றால் அலகு மேலே ஏறிவிட்டது, நல்ல இறைச்சி முள்ளோடு போய்க்கொண்டிருக்கிறது. விறைப்பான சமையலறைக் கத்தியில் இந்தத் தொடர்பே கிடையாது, குருட்டு வெட்டுத்தான்.

நெஞ்சு முள் வரும் இடத்தில் இரண்டு வழி. ஒரு கிலோவுக்குக் குறைந்த மீனில் அந்த மெல்லிய முட்களை அறுத்துக்கொண்டே போய், பாளத்தை எடுத்தபின் முள் பகுதியைத் தனியாகச் சீவி எறியலாம். பெரிய மீனில் முட்களைச் சுற்றிப்போக வேண்டும்; அறுக்கப் பார்த்தால் இந்த அலகு பக்கவாட்டில் நழுவும்.

தோல் உரிப்பதாக இருந்தால் செதில் எடுக்க வேண்டாம். செதிலோடு இருக்கும் தோல் விறைப்பாக நின்று அலகுக்கு அடித்தளம் கொடுக்கும். வால் பக்கம் இரண்டு சென்ரிமீற்றர் தோலை விடுவித்து, உப்புத் தடவிய விரலால் அல்லது துணியால் இறுக்கிப் பிடித்து, அலகைத் தோலை நோக்கி மிகச் சிறிய சாய்வில் வைத்து, கத்தியை ஏறக்குறைய அசைக்காமல் தோலை இடம் வலமாக ஆட்டி இழுக்க வேண்டும். புதிதாகச் செய்பவர் எல்லோரும் கத்தியைத் தள்ளுவார்கள், தோல் பாதியில் அறுந்துவிடும்.

பாரையில் ஒரு பொறி இருக்கிறது. வால் பக்கத்தில், பக்கக் கோட்டின் மேல் வரிசையாக எலும்புத் தகடுகள். விரலால் பின்னிருந்து முன்னே தடவினால் வாள் போலக் கீறும். அதன் மேல் அலகை இழுத்தால் புதுக் கத்தியும் அன்றே மழுங்கும். தகடுக்கு மேலே ஒரு கீறல், கீழே ஒரு கீறல் போட்டு அந்த நாடாவை முதலில் உரித்து எடுத்துவிடுவதே சரி. கலவாய்க்குத் தோல் தடிப்பு. தோலை வெளியிலிருந்து அறுக்காமல், முதல் கீறலில் நுனியை உள்ளே விட்டு உள்ளிருந்து வெளியே அறுத்தால் கூர் நிற்கும். ஒட்டி, ஓராவில் செட்டை முட்களில் விஷம். அவற்றைக் கத்தியால் அல்ல, கத்தரிக்கோலால் முதலில் நறுக்கிவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும். சீலாவின் சதை மென்மையானது, இந்தக் கத்திக்கு அது விளையாட்டு.

அறக்குளாவுக்கும் சூரைக்கும் இதை எடுக்கவே வேண்டாம். துண்டு போட நடுமுள்ளை வெட்ட வேண்டும், வளையும் அலகு அங்கே உதவாது. முறுக்கினால் கூரில் பிறை வடிவில் சில்லு பெயரும். சந்தையில் வெட்டுபவர் இந்தக் கத்தியைப் பார்த்துச் சிரிப்பதில் தவறில்லை, அவருடைய வேலை வேறு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் குழம்புக்கு முள்ளில்லாத பாளத்தைப் போட்டால் யாரும் மதிக்கமாட்டார்கள். சுவை முள்ளில்தான். ஆகவே இந்தக் கத்தி பொரியலுக்கும் கட்லட்டுக்கும் சின்னப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும்தான் பயன்படும். தலையும் நடுமுள்ளும் சொதிக்கோ கூழுக்கோ போகட்டும். நன்றாக உரித்த முள்ளில்கூட ஒரு சட்டிக்குப் போதுமான சதை ஒட்டியிருக்கும்.

இனிக் குறைகள். பிடி மெலிந்தது, வழவழப்பானது. காய்ந்த கையில் சுகமாக இருக்கும். மீன் சளி பட்டதும் சவர்க்காரக் கட்டி போல வழுக்கும். விரல் முன்னே போய்விடாமல் தடுக்கச் சொல்லும்படியான தடுப்பு எதுவும் இல்லை. நுனியால் குத்தி இறக்கும் வேலையை இதில் செய்யக்கூடாது, கை அலகின் மேலேயே ஓடிவிடும். மீனைப் பிடிக்கும் கைக்கு வெட்டுத் தாங்கும் கையுறை போடுவது நல்லது. ஆனால் அது இழுவை வெட்டைத்தான் தடுக்கும், மெல்லிய நுனி நேராகக் குத்தினால் இழைகளுக்கு இடையால் போய்விடும்.

அலகு பிடிக்குள் நுழையும் இடம் இரண்டாவது குறை. அங்கே மயிரிழை இடைவெளி இருக்கும். உப்பு நீர் அதன்வழி உள்ளே போனால் வெளியே தெரியாமல் துரு ஏறும், மரம் ஊதும், பிறகு வெடிக்கும். வாங்கிய அன்றே அந்த மூட்டில் சூடான தேன்மெழுகு ஒரு சொட்டு அல்லது எப்பொக்சி ஒரு கோடு விட்டு அடைத்துவிட்டால் பல வருடம் பிரச்சினை இல்லை. ஐந்து நிமிட வேலை, செய்பவர்தான் குறைவு.

கூர் பற்றி. இந்த வகை அலகுகளை வேண்டுமென்றே அதிகக் கடினமாக்குவதில்லை. கடினமான எஃகு வளைந்தால் ஒடியும். அதனால் கூர் சீக்கிரம் போகும், சீக்கிரம் திரும்பவும் வரும். ஐந்தாறு மீனுக்கு ஒருமுறை ஒரு தட்டுத் தட்ட வேண்டியிருக்கும், அதைக் குறையாகச் சொல்ல முடியாது. கூடவே வரும் சாணைக் கருவிதான் குறை. அலகை அதன் பிளவில் வைத்து இழுத்தால் உடனே கடிக்கும் கூர் வரும், உண்மைதான். ஆனால் அது எஃகைச் சுரண்டி எடுக்கிறது, கூரில் அரம் போன்ற பிசிறை விடுகிறது. அடிப்பகுதி அதன் வாய்க்குள் சரியாகப் போகாததால், ஒரு வருடத்தில் அலகு அடியில் தடித்தும் நடுவில் குழிந்தும் போகும். குழிந்த கத்தி பலகையில் படியாது, தோல் உரிக்கும்போது நடுவில் கீற்றாகச் சதை தங்கும்.

புறக்கோட்டை இரும்புக்கடைகளில் கிடைக்கும் இரட்டைப் பக்கக் கார்போரண்டம் கல் கோடரிக்கும் மன்னா கத்திக்கும் சரி, இதற்கு மிகக் கரடு. நீரில் நனைத்துத் தேய்க்கும் 1000 இலக்கச் சாணைக்கல் ஒன்று போதும். கோணம் பக்கத்துக்கு ஏறக்குறைய 16 பாகை. அதைக் கண்ணால் பிடிக்க ஒரு வழி: அலகின் அகலம் 18 மில்லிமீற்றர் இருக்கும் இடத்தில் முதுகைக் கல்லிலிருந்து 5 மில்லிமீற்றர் உயர்த்தினால் அந்தக் கோணம் வரும். அளவுகோலால் ஒருமுறை பார்த்துக் கையைப் பழக்கலாம். அலகு வளைவதால் அழுத்தக்கூடாது. அழுத்தினால் கோணம் தானாக மாறும். இரண்டு விரலின் பாரம் மட்டும். மறுபக்கத்தில் பிசிறு விரலுக்குத் தட்டுப்பட்டதும் பக்கம் மாற்றி, கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பின்னோக்கி ஒரு பத்து இழுவை. தாளை அறுத்துப் பார்ப்பது வேடிக்கைக்கு நன்றாக இருக்கும். உண்மையான சோதனை நன்றாகப் பழுத்த தக்காளி. பாரம் கொடுக்காமல் இழுத்தாலே தோலுக்குள் இறங்க வேண்டும்.

இப்போது உறை. கொழும்பில் இந்தக் கத்தி கெட்டுப்போவதற்கு முதல் காரணம் அதுதான். ‘ஸ்டெயின்லெஸ்’ என்ற சொல்லில் பலரும் ஏமாறுகிறார்கள். எஃகில் குறைந்தது 10.5 வீதம் குரோமியம் இருந்தால் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒட்சைட்டுப் படலம் உருவாகும், அதுதான் காவல். கடல் நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. அதிலுள்ள குளோரைட்டு அந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். திறந்த காற்றில் ஒட்சிசன் பட்டுப் படலம் மறுபடி மூடிக்கொள்ளும். ஈரத் தோலுக்குள் இறுக்கி வைத்தால் ஒட்சிசன் போகாது, உப்பு மட்டும் போகும். ஒரே இரவில் கறுப்புப் புள்ளிகள் விழ அது போதும். பின்லாந்தின் ஏரிகள் நன்னீர். அங்கே இந்த உறை ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்கிறது. வெள்ளவத்தைப் பாறையில் அலை தெறிக்கும் இடத்தில் அதே உறை பஞ்சு போல உப்பை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது.

மாற்று உறை வீட்டிலேயே செய்யலாம். அரை அங்குல எஸ்லோன் (பீ.வீ.சீ.) குழாயில் 18 சென்ரிமீற்றர் வெட்டி, கொதிநீரில் சில நிமிடம் போட்டால் இளகும். கையுறையோடு எடுத்து, உள்ளே மெல்லிய மரச் சட்டம் ஒன்றை விட்டு, இரண்டு பலகைக்கு இடையில் அழுத்திக் குளிரவிட்டால் தட்டையான உறை. தணலில் நேராகக் காட்டக்கூடாது, கருகினால் வரும் புகை மூச்சுக்குக் கெடுதி. அடி முனையைத் திறந்தே விட வேண்டும், தண்ணீர் வடிய. ஆனால் உறையின் நீளம் நுனியைவிட இரண்டு மூன்று சென்ரிமீற்றர் கூடுதலாக இருக்கட்டும். வாய்ப் பக்கத்தில் சைக்கிள் டியூபில் வெட்டிய ஒரு வளையம் போட்டுப் பிடியோடு மாட்டினால் பையைக் கவிழ்த்தாலும் விழாது. தோல் உறை அலுமாரியில் அழகாக இருக்கட்டும்.

இதற்குப் பதிலாக வேறு என்ன வாங்கலாம்? சுவீடனின் மொறா நகரத்துக் கத்திகளில் 155 மில்லிமீற்றர் அலகு கொண்ட மீன் கத்தி ஒன்று உண்டு. பிடியும் உறையும் பிளாஸ்டிக். சளி பட்ட கையிலும் பிடி நிற்கும், கழுவி ஆணியில் மாட்டினால் வேலை முடிந்தது. வளைவு ரப்பாலாவைவிடச் சற்றுக் குறைவு, அழகு நிறையவே குறைவு. உப்புநீர்க்காரருக்கு ஒரே கத்தி என்றால் மனம் ஒப்பாவிட்டாலும் இதைத்தான் சொல்ல வேண்டும். சுவிஸ் விக்டோரினொக்ஸின் கறுப்புப் பிடிக் கத்தி சமையலறைப் பொருள் கடைகளில் கேட்டுப் பார்க்கக்கூடியது. வீட்டுக் குசினியில் மட்டும் வேலை என்றால் அது இரண்டையும் மிஞ்சும், உறைக்குத்தான் வேறு வழி பார்க்க வேண்டும். பிரான்சின் ஒப்பினெல் மடக்குக் கத்தியில் மெல்லிய அலகு வகை ஒன்று இருக்கிறது. சட்டைப்பைக்கு அருமையான பொருள், ஆனால் மரப்பிடி ஈரத்தில் ஊதி அலகைக் கவ்விக்கொள்ளும். மடக்கும் மூட்டுக்குள் போன மீன் சதையை எடுக்க ஊசி தேவைப்படும். அமெரிக்காவின் ஸ்பைடர்கோ செய்யும் ‘சால்ட்’ வரிசைக் கத்திகள் பலவற்றின் எஃகில் கார்பனின் இடத்தைப் பெரும்பாலும் நைதரசன் பிடித்துக்கொள்வதால் துரு ஏறுவது மிக அரிது. விலை எங்கோ நிற்கிறது. நூல் அறுக்கவும் இரை நறுக்கவும் அவ்வளவு கொடுப்பது ஆசைக்காரர் வேலை.

எதை வாங்கினாலும் இரைக்கும் நூலுக்கும் தனியாக ஒரு மலிவுக் கத்தி வேண்டும். சூடையைப் பாறையின் மேல் வைத்து நறுக்கினால் எந்தக் கூரும் மிஞ்சாது. தங்கூசியை (ஒற்றை இழை நைலோன் நூல்) ரப்பாலா ஒரு தொடலில் அறுக்கும். பின்னல் நூல் வழவழப்பான கூரில் வழுக்கும். அதற்குச் சிறு கத்தரிக்கோல். பிடித்தவுடன் செவுளுக்குப் பின்னால் வெட்டி இரத்தம் வடியவிடவும் விறைப்பான குட்டைக் கத்திதான் சரி. மொறாவின் ‘கம்பானியன்’ அலகு 104 மில்லிமீற்றர் நீளம், 2.5 மில்லிமீற்றர் தடிப்பு. அந்த வேலைக்கு அளவெடுத்த மாதிரி.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது போலி. சித்திர உறையும் மரப்பிடியும் அச்சு அசலாக வரும், அலகுதான் காட்டிக்கொடுக்கும். மார்ட்டீனி, பின்லாந்து என்ற பெயர்கள் அலகில் தெளிவாக இருக்கின்றனவா என்று முதலில் பார்க்கவும். பிறகு நுனியைக் கடைக்காரரின் பலகையில் ஊன்றி மெதுவாக வளைத்து விடவும். நல்ல அலகு நுனிப் பக்கம் அதிகமாகவும் அடிப் பக்கம் குறைவாகவும் வளைந்து, விட்டதும் நூல் பிடித்த மாதிரி நேராகும். முழு நீளமும் ஒரே மாதிரி வளைந்தாலோ, விட்டபின் கொஞ்சம் சாய்ந்து நின்றாலோ வைத்துவிட்டு வந்துவிடலாம். முதுகுப்பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் பிடியும் அலகும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும் உறவினரிடம் சொல்லி எடுப்பவர்கள், கத்தி ஏற்றிவிடும் பெட்டிக்குள் போக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடவும். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்திலேயே போய்விடும்.

சேகரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய மார்ட்டீனி அலகுகளில் பார்க்க வேண்டியது பளபளப்பு அல்ல, அகலம். பலமுறை சாணை பிடித்த அலகு ஒல்லியாகி, நுனி மேல்நோக்கி வளைந்திருக்கும். உறையும் பெட்டியும் புதிது போல இருந்தாலும் அது பாதிக் கத்திதான். மெருகு போட்டுப் புள்ளிகளை மறைத்திருந்தால் அதுவும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும்: எழுத்துகளின் விளிம்பு மங்கியிருக்கும்.

மேற்குக் கரையில் மே முதல் செப்டெம்பர் வரை கடல் கொந்தளிப்பு. தூண்டில் தடிகள் மூலைக்குப் போகும், கத்தி அதன் தோல் உறையோடு பைக்குள் போகும். பெரும்பாலான கத்திகள் பாழாவது இந்த ஐந்து மாதத்தில்தான், மீன் மேல் ஒருதரம்கூடப் படாமல். வைப்பதற்கு முன் நன்னீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துடைத்து, அரை நாள் மின்விசிறிக் காற்றில் வைக்க வேண்டும், முக்கியமாகப் பிடியின் மூட்டு. பிறகு மருந்துக்கடையில் வயிற்றுக்கு விற்கும் லிக்விட் பரஃபின் இரண்டு சொட்டை அலகு முழுவதும் தடவலாம். வாயில் படும் கத்திக்கு அது பாதுகாப்பு, சமையல் எண்ணெய் போலக் காறலும் எடுக்காது. காய்ந்த பருத்தித் துணியில் சுற்றி, உறைக்கு வெளியே, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு மூடியுள்ள பெட்டியில் வைக்கலாம். ஆடியில் ஒருநாள் எடுத்துத் துணியைப் பிரித்துப் பார்க்கவும். கறுப்புப் புள்ளி தெரிந்தால் அப்பச் சோடாவைத் தண்ணீரில் குழைத்து, போத்தல் தக்கையால் அலகின் நீளவாக்கில் தேய்த்தால் போகும். விரல் நகத்துக்குக் குழி தட்டுப்பட்டால் எந்தத் தேய்ப்புக்கும் போகாது. குழி கூரைத் தொடும்வரை கத்தி உழைக்கும்.